புனிதவதி அக்காவும் பீவர் என்ற சொல்லும்

செய்தி வந்தபோது ஒரு சமையல் நிகழ்ச்சிக்குத் தமிழ் வரிகள் போட்டுக்கொண்டிருந்தேன். 'மூடி வைத்து ஐந்து நிமிடம் விடவும்' என்ற வரி பாதியில் நின்றது. வாட்ஸ்அப்பில் புனிதவதி அக்காவின் மகள் கவிதா எழுதியிருந்தாள்: "ஆன்டி, அம்மா காலையில தவறிட்டாங்க." படித்தேன். பிறகு அந்த வரியை முடித்தேன். நேரம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சேமித்துவிட்டுத்தான் எழுந்து மற்றவர்களிடம் சொன்னேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அழுகை வரவில்லை. இதை எழுதும் இன்றுவரை வரவில்லை.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம். ஆங்கில ஆவணப்படங்களுக்குத் தமிழ் வசன வரிகள் எழுதுவது எங்கள் வேலை. நாங்கள் எழுதுவதை அக்கா சரிபார்ப்பார். கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வருவார். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அந்த நாள்களில் மதியத்துக்கு மேல்தான் வருவார், சில நாள் வரவே மாட்டார். படத்தின் கடைசியில் 'சரிபார்ப்பு: புனிதவதி' என்று ஒரு வரி ஓடும். அதை யாரும் படிப்பதில்லை என்று நான் ஒருமுறை சொன்னேன். "தப்பு வந்தா படிப்பாங்க லா," என்றார்.

தப்பு வந்தது. அவரை அறிந்தவர்களுக்கு அந்தக் கதை தெரியும். ஆனால் தவறாகத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம். பீவர் பற்றிய ஆறு பகுதித் தொடரின் முதல் பகுதி என்னிடம் வந்தது. ஆற்றில் வாழ்ந்துகொண்டு, பல்லால் மரத்தைக் கடித்துச் சாய்த்து அணை கட்டும் விலங்கு அது. எலி, அணில் இனத்தைச் சேர்ந்த கொறிணி. மலாய் வரிகளில் 'மெமெராங்' என்று போட்டிருந்தார்கள். மெமெராங் என்றால் நீர்நாய் என்று எனக்குத் தெரியும். யோசிக்காமல் படம் முழுக்க 'நீர்நாய்' என்று எழுதினேன். அன்று அக்கா டயாலிசிஸுக்குப் போயிருந்தார். அவசரம் என்றதால், அவர் பார்க்காமலேயே அனுப்பிவிட்டேன்.

படம் ஒளிபரப்பான வாரமே பந்திங்கிலிருந்து ஓர் ஆசிரியை எழுதினார். 'எங்கள் ஊர் வாய்க்காலில் நீர்நாயைத் தினமும் பார்க்கிறோம். அது மீன் தின்னும். எந்தக் காலத்தில் மரம் வெட்டி அணை கட்டியது? என் மாணவர்கள் கேட்கிறார்கள், நான் என்ன சொல்ல?'

நாங்கள் 'போஸ்' என்று கூப்பிடும் மேலாளர் அந்தக் கடிதத்தை எங்கள் மேசைமேல் போட்டார். "யாரு வேலை இது?"

என் வாய் திறக்கவில்லை. அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நான்தான் போஸ். வசந்தி சரியாத்தான் போட்டிருந்தாங்க. நான்தான் நீர்நாய்னு மாத்தினேன்."

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அதைத்தான் செய்தேன், தலையை ஆட்டினேன். மறுவாரமே சரிபார்ப்பு வேலை அக்காவிடமிருந்து போய்விட்டது. சமையல் நிகழ்ச்சிகளில் ஒவ்வொரு வரியும் திரையில் எப்போது வந்து எப்போது மறைய வேண்டும் என்று நேரம் குறிக்கும் வேலையைக் கொடுத்தார்கள். அவர் பெயர் அதன்பிறகு எந்தப் படத்திலும் ஓடவில்லை.

அவர் வேலை மாறி இரண்டு நாள் கழித்துக் கிள்ளானுக்குப் போனேன். டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்திருந்தார். ஒரு கையில் குழாய்கள், மறு கையில் கைப்பேசி. மன்னிப்புக் கேட்க நினைத்து ரயிலில் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போயிருந்தேன். அவர் என்னைப் பேச விடவில்லை.

"வசந்தி, பீவர்னா என்ன அர்த்தம்னு பார்த்தீங்களா?"

"இல்லக்கா."

"பழுப்பு. அவ்வளவுதான். ஐரோப்பாவுல ஆதியில இருந்த ஆளுங்க அதுக்குத் தனியா பேரே வைக்கல. 'அந்தப் பழுப்பு'ன்னு சொல்லியிருக்காங்க. அதுவே தேஞ்சு தேஞ்சு பீவர் ஆயிருச்சு. நான் பார்த்த அகராதியில அப்படித்தான் போட்டிருக்கு."

பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"இன்னும் இருக்கு, கேளுங்க. சமஸ்கிருதத்துல 'பப்ரு'ன்னு ஒரு சொல்லு. அதுவும் பழுப்புதான். ரெண்டுக்கும் ஒரே வேராம். ஆனா இந்தியாவுல பீவர் ஏது? அங்க அந்தச் சொல்லு கீரிப்பிள்ளைக்குப் போயிருச்சு." சிரித்தார். "பாருங்க, ஒரு மிருகத்தோட பேரை இன்னொரு மிருகத்துக்குப் போடறது நீங்க ஆரம்பிச்சது இல்ல. அப்பவே போட்டிருக்காங்க."

"நாளைக்கே மேலாளர்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன் அக்கா."

"உங்களுக்கு இன்னும் வேலை கன்ஃபர்ம் ஆகல. என்னை அனுப்ப மாட்டாங்க, உங்களை அனுப்பிருவாங்க. மிச்சம் அஞ்சு பகுதி இருக்குல்ல? பீவர்னே போடுங்க. முதல் தடவை வர்ற இடத்துல மட்டும் 'மரம் கொறிக்கும் பீவர்'னு எழுதுங்க. நம்ம ஊர்ல இல்லாத மிருகத்துக்கு நம்ம ஊர்ப் பேரை எடுத்து மாட்டாதீங்க."

அப்படியே செய்தேன். வேலை உறுதியானது. உறுதியான பிறகும் சொல்லவில்லை. முதலில் பயம். பிறகு நாள் தள்ளிப்போனது. கடைசியில் அது ஒரு பழைய விஷயமாகிவிட்டது. இரண்டு வருடம் அவர் என் எதிர் மேசையில் உட்கார்ந்து, வெங்காயம் வதங்கும் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்.

இறுதிச் சடங்குக்கு அலுவலகமே கிள்ளான் போனது. வாசலில் போட்டிருந்த கூடாரத்தின் கீழ் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். மேலாளர் பெருமூச்சு விட்டார். "நல்ல மனுஷி. இவ்வளவு வருஷத்துல ஒரே ஒரு தப்பு, அந்த நீர்நாய்தான்." நாலைந்து பேர் தலையை ஆட்டினார்கள். கவிதா பக்கத்தில் தண்ணீர் போத்தல்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் கை ஒரு கணம் நின்றது.

"அது அக்கா இல்ல போஸ். நான். அவங்க அந்தப் படத்தைப் பார்க்கவே இல்ல."

என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது. மேலாளர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். கவிதா என் கையில் ஒரு போத்தலைக் கொடுத்தாள். "அம்மா வீட்டுல அதைப்பத்தி ஒண்ணுமே சொன்னதில்ல ஆன்டி," என்றாள். கோபமா, நன்றியா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

முதல் பகுதியை மீண்டும் ஒளிபரப்பப் போகிறார்கள். போன வாரம் கேட்டு வாங்கி, நீர்நாய் வந்த இடங்களை எல்லாம் திருத்தினேன். கடைசியில் அவர் பெயரைப் போடலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். "போடுங்க," என்றார். என்னைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை என்றும் சொன்னார். அது நியாயம்தான்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு குரல்பதிவு. அவர் இறப்பதற்கு முந்தைய வாரம் அனுப்பியது. எங்கள் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் கடையில் கேப்பிபாரா பொம்மைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு ரயிலில் ஏறியிருக்கிறார். பின்னால் ரயில் அறிவிப்பு கேட்கிறது.

"வசந்தி, இந்தக் கேப்பிபாரா இருக்குல்ல, அதுவும் தண்ணியில கிடக்கற கொறிணிதான். புல்லு திங்கறதுன்னு அர்த்தமாம். தென்னமெரிக்கா பூர்வகுடி மொழி. அந்தச் சொல்லுல இன்னொரு விஷயம் இருக்கு, ரொம்ப நல்லா இருக்கு. வெள்ளிக்கிழமை வந்து சொல்றேன் லா."

அந்த வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. அது என்னவென்று நான் இன்னும் தேடிப் பார்க்கவில்லை.