உருகிய பித்தளை வளையமும் தேவராஜ் அண்ணனும்

காசிமேட்டில் ஓர் இரும்புப் படகுக்குத் தகடு பற்றவைத்துக்கொண்டிருந்தபோது பழைய பட்டறையிலிருந்து போன் வந்தது. "தேவராஜ் அண்ணன் பூட்டாரு மாமு. காலைல நெஞ்சு வலின்னாரு, அவ்ளோதான்." எனக்கு முதலில் வந்தது அழுகையல்ல, பயம். அவர் உயிரோடு இருக்கும்போதே நான் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லவில்லை.

தண்டையார்பேட்டைப் பட்டறையில் பதினோரு வருஷம் அவருக்குப் பக்கத்து மேசை என்னுடையது. எங்கள் தெருவில் ஃபிட்டர் என்றால் அவர்தான். காலையில் வாய்க்கு வந்தபடி திட்டுவார். டீ வந்ததும் தன் பன்னில் பாதியைப் பிய்த்துத் தருவார்.

மூன்று வருஷத்துக்கு முன், வெள்ளம் வடிந்த வாரத்தில், இரும்புக்கடை அண்ணாச்சி ஒரு பழைய துப்பாக்கியோடு வந்தார். குழல்வாய் வழியாக மருந்து இடித்துச் சுடுகிற ரகம். அவருடைய அப்பாவுடையது. சுட முடியாதபடி குழலை அடைத்துக் கடைச் சுவரில் மாட்டியிருந்தார். ஆயுத பூசையன்று தராசுக்கும் முன்னால் அதற்குத்தான் பொட்டு வைப்பார். வெள்ளத்தில் அலமாரி அதன்மேல் சாய்ந்து, விசையைச் சுற்றியிருந்த பித்தளை வளையம் நசுங்கிப்போயிருந்தது.

"எங்கப்பா கை பட்டது. பாத்துச் செய்யும்வே," என்றார்.

அண்ணன் வளையத்தைக் கழற்றி என்னிடம் தந்தார். "இது இரும்பு இல்ல மாமு. நெழல்ல வெச்சு சூடு பண்ணு. மங்கலா செவக்கும்போதே நிறுத்தி தண்ணில போடு, மெத்துனு ஆய்டும். அப்பால நான் மரச்சுத்தில தட்டிக்கிறேன்."

நான் கப்பல் தகடு காய்ச்சிப் பழகியவன். என்ன பெரிய வித்தை என்று வாசல் வெயிலிலேயே காஸைத் திறந்தேன். அந்த வெளிச்சத்தில் மங்கல் சிவப்பு எங்கே தெரியும்? இன்னும் சிவக்கட்டும் என்று காத்திருந்தேன். வளையம் தளர்ந்து தரையில் சொட்டியது.

அந்த மாதம்தான் முதலாளி எனக்குக் கடைசி எச்சரிக்கை கொடுத்திருந்தார். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "நான் கெடுத்தேன்னு சொல்றேன். நீ கம்முனு இரு. கொஞ்ச நாள் போவட்டும், அண்ணாச்சிகிட்ட நீயே சொல்டு."

அண்ணாச்சி கத்தவில்லை. அவர் கடை வேலைகள் மட்டும் அண்ணனுக்கு வருவது நின்றது. "தேவராஜுக்குக் கை போச்சு" என்று தெருவே பேசியது. அடுத்த வருஷம் அவர் மணலிக்கு, டேங்கர் லாரி வேலைக்குப் போய்விட்டார். போகும்போது ஒரே முறை கேட்டார்: "இன்னா மாமு, சொல்ட்டியா?" நாளைக்கு என்றேன். எத்தனை நாளைகள் போயின!

சாவு வீட்டில் அண்ணாச்சி மாலை போட்டுவிட்டு, "கெட்டிக்காரரு. எங்கப்பா பொருள்ல மட்டும் கை தவறிட்டாரு," என்றார். அண்ணி தலைகுனிந்தார்.

"அத உருக்குனது நான், அண்ணாச்சி," என்றேன். கூட்டமே திரும்பியது. அண்ணாச்சி குனிந்து அண்ணனின் வலது கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

அண்ணி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "எனுக்குத் தெரியும். ஞாயித்துக்கெழம வண்டி சத்தம் கேட்டா எட்டிப் பாப்பாரு. 'சொல்ட்டு வந்துட்டான் போல கீது'ன்னுவாரு."

இரண்டு வருஷத்தில் ஒரு ஞாயிறுகூட நான் மணலிக்குப் போகவில்லை. போய்வாருங்கள் அண்ணே. சொல்லிவிட்டேன்.