மஞ்சள் குஞ்சம் வைத்த கொடி

நட்சத்திரத்தின் முனையை மடிப்பதுதான் பெரும்பாடு. துணியின் நுனி பிரிந்து வரும். அதை ஊசியால் உள்ளே தள்ளி, நகத்தால் அழுத்தி, எழும்புமுன் தைத்துவிட வேண்டும். தவமணியின் கைகள் அதைத்தான் செய்துகொண்டிருந்தன. திரைச்சீலை தைத்து மிஞ்சிய வெள்ளைத் துணியில் வெட்டிய நட்சத்திரங்கள். கீழே கடும் நீலம். ஒன்று கொஞ்சம் சரிந்துவிட்டது. யாருக்கும் தெரியப்போவதில்லை. இருந்தும் கைகள் அதைப் பிரித்துத் திரும்பத் தைத்தன.

தவமணி வேலையை அரைகுறையாய் விட்டு அறியாதவள். டென்மார்க்கின் பிராண்டேக்கு வந்த புதிதில் தையல் தொழிற்சாலையில் சட்டைக் கழுத்துகள் தைத்தாள். தொழிற்சாலை போலந்துக்குப் போனபின் காற்றாலை செய்யும் இடத்தில் துப்புரவு வேலை. தையல் மெஷின் மட்டும் வீட்டில் மிஞ்சியது. சபையின் மேசைவிரிப்பு, திரை, ஞானஸ்நான அங்கி எல்லாம் அதில் பிறந்தவைதான். அவளுடைய ஞானஸ்நானம் நகர நீச்சல் குளத்தில் நடந்தது. தண்ணீருக்குள் நின்று அவளை அமிழ்த்தியவர் பாஸ்டர் ஞானரட்ணம். கரையில் துவாயோடு நின்றவர் அண்ணன் தேவராஜா. அந்த அண்ணன் அவளோடு பேசி இரண்டு வருடமாகிறது.

சபை கூடுவது டேனிஷ்காரரின் பழைய ஜெபமண்டபத்தில், ஞாயிறு பின்னேரங்களில், வாடகைக்கு. ஊரில் சண்டை திரும்பவும் மூண்டு இங்கே சனம் இரண்டுபட்டபோது பாஸ்டர் ஒரு சட்டம் போட்டார்: மண்டபத்துக்குள் எந்தக் கொடியும் வரக்கூடாது. தவமணிக்கு அது நியாயமாகவே பட்டது. வாசலில் நின்று ஆட்களை வரவேற்பது அவள் பொறுப்பு. சட்டத்தைக் காப்பதும் அவள் பொறுப்பானது. டேனிஷ்காரரின் மேசைக் கொடியைக்கூட ஆராதனை முடியும்வரை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். டேனிஷ் வழக்கப்படி பிறந்தநாள் கேக்கில் குத்தியிருந்த கடதாசிக் கொடிகளை அவள் பிடுங்கப்போக, ஒரு பிள்ளை விக்கி விக்கி அழுதது.

அண்ணனின் மூத்த மகன் கிருபன் ஊரிலேயே நின்றுவிட்டவன். சண்டையில் செத்தான். அண்ணன் அவனுடைய படத்தை இயக்கத்தின் புலிக்கொடியால் சுற்றி, ஜெபத்துக்கென்று கொண்டுவந்தார். தவமணி வாசற்படியில் மறித்தாள்.

"படத்தைக் கொண்டு போங்கோ அண்ணை. கொடியை என்னட்டைத் தாங்கோ."

"பெடியன் அதுக்காகத்தான் செத்தவன். உரிச்சு எடுக்கச் சொல்லுறியோ?"

அவள் உள்ளே திரும்பிப் பார்த்தாள். பாஸ்டர் கூடாதென்று தலையாட்டினார். அண்ணன் படியிலிருந்தே திரும்பிப் போனார். அவ்வளவுதான்.

போன இலையுதிர் காலத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். அங்கே தேர்தல் நேரம். மற்றக் கட்சிக்கு வாக்குப் போடுகிறவன் கிறிஸ்தவனே அல்ல என்றார். அப்படிப்பட்ட தன் தம்பியோடு ஒரே மேசையில் அப்பம் பிட்பதைத் தான் நிறுத்திவிட்டதாகச் சொன்னார். பாஸ்டர் அதையெல்லாம் மேசையைத் தட்டித் தட்டித் தமிழில் சொன்னார். டென்மார்க்கில் வாக்குப் போடவே சோம்பல்படுகிறவர்கள்கூட எழும்பி ஆமென் போட்டார்கள்.

"பாஸ்டர், அது அரசியல் இல்லையோ?" தேநீர் நேரத்தில் தவமணி கேட்டாள்.

"சீச்சீ, அது விசுவாசம், சிஸ்டர்."

அவள் நம்பினாள். அண்ணனை இழந்தது அந்தச் சட்டத்துக்காக அல்லவா? அது பிழையென்றால் பிறகு எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது?

2009 வைகாசியில் ஒரு திங்கட்கிழமை, போர் முடிந்துவிட்டதென்று தொலைக்காட்சி சொன்னது. தவமணி அழுது முடித்து, முகம் கழுவி, பாஸ்டருக்குப் போன் எடுத்தாள். செத்தவர்களின் பெயர்களை ஞாயிறு சொல்லி ஜெபிக்க வேண்டும்; கிருபனின் பெயரையும் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் கேட்டாள்.

"இந்த ஞாயிறு வேண்டாம் சிஸ்டர். அமெரிக்க ஐயா திரும்ப வாறார். அரசியல் எண்டு நினைச்சுப்போடுவார்." பாஸ்டர் கொஞ்சம் நிறுத்தினார். "அதோடை உங்களுக்கு ஒரு சின்னத் தையல் வேலையும் இருக்கு. அவையின்ரை சபையில மேடைக்குப் பக்கத்தில கொடி நிக்கும். எங்கடை மண்டபத்திலயும் ஒண்டு நிண்டா அவருக்குச் சந்தோசம்."

"கொடியோ? வெளியிலயோ கட்டுறது?"

"உள்ளுக்குத்தான்."

"அப்ப அந்தச் சட்டம்?"

"அது எங்கடை சனத்துக்குப் போட்டது, சிஸ்டர். இது விருந்தாளிக்குச் செய்யிற மரியாதை."

தவமணி ஒரு கடதாசியை இழுத்துப் பேனையை எடுத்தாள். "அளவைச் சொல்லுங்கோ" என்றாள்.

தைக்கத் தைக்க அவள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மனுசனுக்கு மனச்சாட்சி இருந்தால் கூப்பிடுவார். பிழையாகக் கேட்டுவிட்டேன், விடுங்கோ என்பார். மகள் நிலக்ஷி வேலையால் வந்து மேசையைப் பார்த்துவிட்டு, "யாருக்குப் பிறந்தநாள்?" என்று டேனிஷில் கேட்டாள். தவமணி அடுத்த நட்சத்திரத்தை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பாஸ்டர் கூப்பிட்டார். முதல் மணியிலேயே அவள் போனை எடுத்தாள்.

"சிஸ்டர், அவையின்ரை கொடிக்கு விளிம்பில மஞ்சள் குஞ்சம் இருக்குமாம். வைக்கலாமோ?"

"வைக்கலாம், பாஸ்டர்."

குஞ்சத்தையும் வைத்தாள். கடைசி நூலை அறுத்ததும் அண்ணனுக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணை, நான் தவமணி. சபைக்குக் கொடி தைச்சு முடிச்சிட்டன்."

"ஆற்றை கொடி?"

"அமெரிக்காக்காரன்ரை. மேடைக்குப் பக்கத்தில வைக்கவாம்."

அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "வடிவாத் தைச்சனியோ? கோணினா அதுக்கும் குண்டு போடுவாங்கள்."

"அண்ணை..."

"கிருபன்ரை படம் இஞ்ச சுவரில கிடக்கு. கொடியோடைதான் கிடக்கு. பாக்க வேணுமெண்டா வா. பிடிக்காட்டி கண்ணை மூடிக்கொண்டு வா."

சனிக்கிழமை நிலக்ஷி காரை மண்டபத்துக்கு முன்னால் நிறுத்தினாள். "எஞ்சினை நிப்பாட்டாதை, உடனை வாறன். மாமா வீட்டை போகவேணும்" என்றுவிட்டுத் தவமணி இறங்கினாள். உள்ளே பாஸ்டர் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"உள்ளுக்கு வாங்கோ, சிஸ்டர்!"

அவள் படியிலேயே நின்றாள். "இல்லை. நீங்கள் இஞ்சாலை வாங்கோ."

பாஸ்டர் சிரித்துக்கொண்டு வந்தார். அவள் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"இந்தப் படியில வைச்சுத்தான் அண்ணையை மறிச்சனான். கர்த்தர் சொன்னதெண்டு நினைச்சு மறிச்சனான். நீங்கள் சொன்னது எண்டு இப்பதான் விளங்குது."

"சிஸ்டர், அப்பிடிப் பாக்கக்கூடாது..."

"உங்கடை சட்டத்தை நான் இன்னும் மீறேல்லை, பாஸ்டர். மீறுறதெண்டா நீங்களே மீறுங்கோ."

பாஸ்டர் தெருவைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு வாசலைத் தாண்டிப் படிக்கு இறங்கி இரண்டு கைகளையும் நீட்டினார். மடிப்புக் கலையாமல், நட்சத்திரங்கள் மேலே தெரிய, தவமணி கொடியை அந்தக் கைகளில் வைத்தாள்.