மூலம் எது என்று கேட்கும் இயந்திரம்

மலையாளம் வழங்கும் மலைப்பகுதியில், சக்குபள்ளத்தை அடுத்த ஒரு சிறு மருத்துவமனையின் இணையதளத்துக்காக, ஏலக்காய்த் தோட்டத்தில் பூச்சிமருந்து தாக்கினால் செய்யவேண்டியவற்றைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். மருந்தடிப்புத் தொடங்க இருந்தது. என் தங்கையும் அந்த வேலைக்குத்தான் போகிறாள். மலையாளம் சரளமாகப் பேசுவாள், படிக்கத் தெரியாது.

ஞாயிறன்று அவளைக் கைபேசியில் தேடிப் பார்க்கச் சொன்னேன்.

"தமிழ்லதான் கேட்டேன். மலையாளத்துல வந்து நிக்குது. ஒம் பக்கம் என்ன, ரேஷன் கடை மண்ணெண்ணெயா? வரும் வரும்ங்கிற, வரல" என்றாள்.

அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. தளத்தை அமைத்தவரை உடனே அழைத்தேன். கட்டப்பனையில் கணினிக் கடை வைத்திருப்பவர், எங்கள் தமிழ்க்காரர்தான். சற்று நேரம் துழாவிவிட்டுச் சொன்னார்:

"டீச்சர், தேடுபொறி படிக்கிற குறிப்புல, தமிழ்ப் பக்கத்துக்கு மலையாளப் பக்கந்தான் அசல்னு எழுதி வச்சிருக்கேன். நம்ம ஊர் நோட்டீஸ்ல தமிழ் என்னைக்கு அசலா இருந்திருக்கு?"

அவர் சொன்னதில் பொய்யில்லை. இங்கே எந்த அறிவிப்பும் முதலில் மலையாளத்தில் வரும். தமிழ்ப் பிரதியின் அடியில் 'மலையாள மூலத்தின் மொழிபெயர்ப்பு' என்ற வரி தவறாமல் இருக்கும். மனிதர்கள் அதைக் கடந்து படித்துவிடுவார்கள். தேடுபொறியோ, அசல் ஒன்று இருக்கும்போது நகல் எதற்கென்று தமிழை ஒதுக்கிவிட்டது.

அன்றே திருத்தினார். ஒவ்வொரு பக்கமும் தன்னைத்தானே அசல் என்று சொல்லவேண்டும். மற்றதைத் தன் வேற்றுமொழி இணையாகக் காட்டவும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மற்றதைக் காட்டினால் தேடுபொறி ஏற்காதாம். அது மீண்டும் தளத்துக்கு வந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும் என்றார்.

"நாளைக்கு மருந்தடிக்கிறாங்க" என்றேன்.

"தேடுபொறிக்கு அது தெரியாதே, டீச்சர்."

அப்படியானால் மலையாளப் பக்கத்தின் உச்சியிலாவது 'தமிழில் படிக்க' என்று பெரிதாகப் போடச் சொன்னேன். போட்டார்.

மறுநாள் மதியம் தங்கை அழைத்தாள். மூச்சு வாங்கியது. அவளோடு மருந்தடித்த பெண் தலைசுற்றி விழுந்துவிட்டாளாம்.

"மலையாளந்தான்க்கா வந்துச்சு. மேல தமிழ்னு இருந்துச்சு, அமுக்கிட்டேன். உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே, நெசமா? இங்க ஒருத்தி கரைச்சு எடுத்துட்டே வந்துட்டா."

"கொடுக்காதே. துணியை மாத்தி, உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க."

"கழுவியாச்சு. ஜீப் வருது. இரு, இன்னும் கீழ இருக்கு."

மருந்துக் குப்பியையும் மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லும் வரியை அவள் எழுத்துக்கூட்டி உரக்கப் படிப்பதும், அதை எடுத்துவர யாரோ ஓடுவதும் கேட்டன.

மாலையில் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்துவிட்டாள் என்று செய்தி வந்தது. அதன் பிறகும் தமிழில் தேடிப் பார்த்தேன். மலையாளமே முதலில் வந்தது. உச்சியிலிருக்கும் அந்த வரியைப் பதற்றத்தில் கவனிக்காமல் விட்டுவிடக்கூடியவர்களை நினைத்தபடி, தமிழ்ப் பக்கம் வந்துவிட்டதா என்று தினமும் காலையில் தேடிக்கொண்டிருக்கிறேன்.