மாவ்பி சாலையில் லேசர் துப்பாக்கிப் பயிற்சி

யாங்கூனில் தனியாக வேலை பார்க்கும் நம்மூர்ப் பெண்கள் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன். லைங் தாயாவில் ஒரு துணித் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. குடியிருப்பது பசுந்தாங்கில், மூன்றாவது மாடி. மழைக்காலம் தொடங்கிய சமயம், நான் வேலைக்குப் போயிருந்தபோது யாரோ பூட்டை உடைத்து லேப்டாப்பை எடுத்துப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

வெளிநாட்டவர் இங்கே நிஜத் துப்பாக்கியைத் தொட முடியாது. மாவ்பி போகும் சாலையில் லேசர் கைத்துப்பாக்கியில் தற்காப்புப் பயிற்சி தருகிறார்கள் என்று தெரிந்தது. கை நடுங்காமல் இருந்தால் போதும் என்று நினைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குக் கிளம்பினேன். டாக்சி ஓட்டிய ஆன்டனி இங்கேயே பிறந்த தமிழர். ஒன்றரை மணி நேரப் பயணம். காத்திருந்து திரும்ப அழைத்து வர எண்பதாயிரம் கியாட் கேட்டார். மொழிபெயர்க்கவும் ஒப்புக்கொண்டார்.

பயிற்சியாளர் மா தின்னுக்கு முப்பது வயது இருக்கும். திரையில் ஆள் உருவம் தெரியும். சுட்டால் பட்ட இடத்தில் சிவப்புப் புள்ளி விழும்.

"தலைய பாக்க வேணாமாம் அக்கா. நெஞ்சு நடுவுல மட்டும்" என்றார் ஆன்டனி.

என் புள்ளிகள் இடுப்புப் பக்கமே விழுந்தன. விசையை வெடுக்கென்று இழுக்கிறேனாம். மெதுவாக அழுத்தப் பழகியதும் புள்ளிகள் நெஞ்சுக்கு ஏறின, நெருங்கியும் வந்தன. பல மாதங்களுக்குப் பிறகு எனக்கு நானே சிரித்துக்கொண்டேன்.

கடைசிப் பயிற்சியில் திரையில் ஒரு கதவு திறந்தது. கையை உயர்த்தியபடி ஓர் ஆள் வந்தான். இரண்டு முறை சுட்டேன். இரண்டு புள்ளிகளும் நடு நெஞ்சில். படம் அப்படியே நின்றது. மா தின் ஏதோ சொன்னார். ஆன்டனியிடம் கேட்டேன்.

"என்ன சொல்றாங்க?"

"எடம் சரிதானாம் அக்கா. ஆளுதான் பக்கத்து வீட்டுக்காரராம். கையில டார்ச்சு."

மா தின் துப்பாக்கியை வாங்கி வைத்துவிட்டு, 'யாரது?' என்று பர்மியில் உரக்கக் கேட்கச் சொன்னார். "பெதூலே" என்றேன். காற்றுதான் வந்தது. வெள்ளிக்கிழமை மாலைக்குப் பிறகு ஆன்டனியைத் தவிர யாரிடமும் நான் பேசியிருக்கவில்லை. சுடுவதைவிட இதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

போக நினைப்பவர்களுக்கு: பாஸ்போர்ட் கட்டாயம். வழியில் சோதனைச் சாவடிகள் உண்டு, மாலைக்குள் திரும்பிவிடுங்கள். பர்மி தெரிந்த ஒருவர் கூட இருக்கட்டும்.

அன்று மாலை எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். இத்தனை மாதத்தில் முதல்முறை.

"பெதூலே?" என்றது உள்ளிருந்து ஒரு பெண்குரல்.

'நான்' என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அவருக்கு என்ன தெரியும்? என் பெயரும் தெரியாது. தெரிந்த அரைகுறை பர்மியில், எதிர்வீட்டு இந்தியப் பெண் என்றேன்.

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்க வெகுநேரமானது. நான் அங்கேயே நின்றிருந்தேன்.