மிதப்புக் கட்டையில் இருந்த கயிறு

எங்கள் உபதேசியார் பெஞ்சமினுக்குக் கையில் ஒரு பொருள் இருந்தால்தான் வாயில் பேச்சு வரும். பாம்பனுக்குத் தெற்கே இருந்த எங்கள் ஊருக்குப் பங்குச் சாமியார் எப்போதாவதுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் சொல்லிப் பிரசங்கம் வைப்பது பெஞ்சமின்தான். வள்ளத்தில் ஏறினாலே குமட்டுகிறது என்று கடலை விட்டு உபதேசியாரானவர். ஆனாலும் கடல் ஒதுக்கியதையெல்லாம் பையில் சேர்த்து வைப்பார். வாய் மூடிய சிப்பியைக் காட்டிக் கஞ்சத்தனத்தைப் பேசுவார். கப்பலில் இருந்து விழுந்த கண்ணாடிப் புட்டியைக் காட்டி மனச்சாட்சியைப் பேசுவார். ஒருமுறை உயிருள்ள நண்டை மேசையில் விட, அது பெண்கள் பக்கம் ஓடியது. அன்று அவர் என்ன பேசினார் என்று யாருக்கும் நினைவில்லை. எதையும் கழுவித் தேய்த்து மினுக்காமல் கொண்டுவர மாட்டார். அந்தச் சுத்தம்தான் ஐம்பத்தைந்தாம் வருஷம் அவரைப் பாடாய்ப் படுத்தியது.

அந்த ஆனியில் அடித்த தென்காற்றில் சவேரியாரும் அவர் தம்பியும் போன வள்ளம் மட்டும் திரும்பவில்லை. சவேரியாரின் பெண்சாதி ஜெபமாலை பிள்ளைகளோடு கரையிலேயே கிடந்தாள். அடுப்பு மூட்டவில்லை, அக்கம்பக்கத்தார் கொடுத்ததையும் பிள்ளைகளைத் தொடவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தைரியமாக நாலு வார்த்தை சொல்லும்படி ஊரே பெஞ்சமினைக் கேட்டுக்கொண்டது. அவர் பையைக் கொட்டிப் பார்த்தார், ஒன்றும் பொருந்தவில்லை. ஞாயிறு விடிந்ததும் கரையில் தேடி நடந்தபோது, வலையில் கட்டும் மிதப்புக் கட்டை ஒன்று கிடைத்தது. அது ஒதுங்காத நாளே எங்கள் கரையில் கிடையாது. ஆண்டவரே கொடுத்தார் என்று எடுத்துப்போய், கோயில் கிணற்றடியில் கழுவி, தொங்கிய பருத்திக் கயிற்றை அறுத்தெறிந்து, கத்தியால் சுரண்டிப் பளபளப்பாக்கினார்.

வலை முழுகினாலும் கட்டை முழுகாது, விசுவாசமும் அப்படித்தான் என்று அவர் அதை உயர்த்திக் காட்டியபோது ஜெபமாலை எழுந்து முன்னால் வந்தாள். கட்டையை வாங்கித் துளைக்குள் விரலை விட்டாள். கோணலாகப் போன அந்தத் துளை அவளே சூட்டுக்கோலால் போட்டது. அது சவேரியார் வலையில் இருந்த கட்டை.

அவள் அழவில்லை. "இதுல கயிறு இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"இருந்துச்சும்மா."

"நுனி எப்படி இருந்துச்சு? பிஞ்சு போயிருந்துச்சா, கத்தி பட்ட மாதிரி இருந்துச்சா?"

பெருங்காற்றில் வலை வள்ளத்தைக் கவிழ்க்கப் பார்த்தால், வலையை அறுத்துவிட்டு ஆள் தப்புவது எங்கள் வழக்கம். கத்தி பட்டிருந்தால் அந்த நேரம்வரை சவேரியார் வள்ளத்தில் இருந்திருக்கிறார். பிய்ந்திருந்தால் எதுவும் சொல்வதற்கில்லை. பெஞ்சமின் அதைப் பார்க்கவேயில்லை.

பிரசங்கம் அத்தோடு நின்றது. எல்லோரும் கிணற்றடிக்கு ஓடினோம். அங்கே யாரோ குப்பையைக் கூட்டித் தீ வைத்திருந்தார்கள். பெஞ்சமின் வெறுங்கையால் கிளறினார். ஓரத்தில், புகைக்குள், தீப்பிடிக்காமல் கயிற்றுத் துண்டு கிடந்தது. இரண்டு நுனியும் சீராகத்தான் இருந்தன. பாவி மனிதருக்கு அதுவும் நிம்மதி தரவில்லை. இரண்டு தடவை அறுத்தேனோ என்று புலம்பினார்.

ஜெபமாலை துண்டைத் திருப்பிப் பார்த்தாள். "வெள்ளையா இருக்கிறது நீங்க இன்னிக்கு அறுத்தது. இந்த நுனி உப்பூறிக் கறுத்திருக்கு. இது எங்க வீட்டு ஆளு கத்தி" என்றாள். துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு, பிள்ளைகளைக் கூட்டிப்போய் அடுப்பு மூட்டினாள்.

புகை பட்டாலும் கயிறு கறுக்குமே என்று பெஞ்சமினுக்குத் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த ஞாயிறு ஜெபம் மட்டும் சொன்னார், பிரசங்கம் வைக்கவில்லை. ஜெபமாலை வீட்டுக் கூரையில் புகை வரும்போதெல்லாம், பொய் நம்பிக்கையில் பொங்குகிறாளே என்று தவித்தார்.

ஆடி பிறந்த பிறகு ஒருநாள் அண்ணனும் தம்பியும், இலங்கையில் தலைமன்னார்ப் பக்கம் கரையேறிப் போலீஸ் காவலில் இருந்து, கப்பலில் தனுஷ்கோடி வந்து இறங்கினார்கள். ஊரே கட்டிக்கொண்டு அழுதது. பெஞ்சமின் ஒதுங்கி நின்று, கூட்டம் கலைந்ததும் ஜெபமாலையிடம், கயிறு புகையால் கறுத்ததோ என்றிருந்த தன் பயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

"அந்தப் பயம் எனக்கும் அப்பவே இருந்துச்சு உபதேசியாரே" என்றாள் அவள். "புள்ளைங்க பசியில கிடந்துச்சுகள்ல. அடுப்பு மூட்ட எனக்கு எதாவது ஒண்ணு கையில வேணும்ல."