லெச்சுமி அக்காவைச் சுடாத நெருப்பு

இந்த வருஷத் தீமிதி முடிந்த நாலாம் நாள் சாயங்காலம். பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வெளியே தூறல்... எங்கள் மலையகத்துக் கொட்டகலையில் எப்போது தூறல் இல்லை? கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டு எழுந்து போனால், வாசலில் லெச்சுமி அக்கா. ஒரு பை நிறைய போஞ்சிக்காய். முகம் நிறையச் சிரிப்பு.

"டீச்சர், ஒரு சந்தோஷ சமாச்சாரம். ஒங்ககிட்டத்தான் மொதல்ல சொல்றேன்."

உங்களுக்கு லெச்சுமி அக்காவைத் தெரியாது. வயது ஐம்பத்து மூன்று. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். புருஷன் இல்லை, ஒரே மகள், கொழும்பில் துணிக்கடையில் வேலை. அந்த மகள் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சல் வந்து, கண் மேலே சொருகி, இன்றைக்கோ நாளைக்கோ என்று கிடந்தது. பிள்ளை பிழைத்தால் வருஷா வருஷம் பூக்குழி இறங்குவதாக அக்கா மாரியம்மனிடம் நேர்ந்துகொண்டார். பிள்ளை பிழைத்தது. அக்காவும் ஒரு வருஷம் தவறவில்லை. மஞ்சள் சேலை, கையில் வேப்பிலை, கண்ணில் நீர். நெருப்பைத் தாண்டி வந்ததும் இரண்டு நாள் காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது வழக்கம்.

"இந்த வருஷம் சுடவே இல்ல டீச்சர்! தண்ணியில காலு வைக்கல. மறுநாளே மலைக்கு வேலைக்குப் போயிட்டேன். பூ மேல நடந்த மாதிரியே இருந்துச்சு. இத்தன வருஷத்துக்கப்பறம் ஆத்தா எம்மேல முழுசா எரங்கிட்டா!"

சந்தோஷப்பட வேண்டியதுதானே? நானும் அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். அதே அம்மனுக்குப் பால்குடம் எடுத்தவள்.

ஆனால் நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவளும்கூட. அன்றைக்குப் பார்த்து என் மடியில் இருந்த தாள்களில் மூன்றாம் கேள்வி, நரம்பு மண்டலம். எனக்குள் ஏதோ உறுத்தியது.

"அக்கா, காலைக் கொஞ்சம் காட்டுங்க."

வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு கொப்புளம். உடைந்து, சீழ் கட்டி, ஓரம் கறுத்திருந்தது. அழுத்தினேன். அக்கா முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. போஞ்சியை எப்படித் தாளிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"கண்ண மூடுங்க அக்கா. நான் விரலத் தொடுறப்போ, எந்த விரல்னு சொல்லுங்க."

"என்ன டீச்சர், வெளையாட்டா?" என்று கேட்டுக்கொண்டே கண்ணை மூடினார்.

கட்டைவிரலைத் தொட்டேன். சத்தமில்லை. சுண்டுவிரல். சத்தமில்லை. நடுவிரலைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

"தொடுங்க டீச்சர். எவ்வளவு நேரம் கண்ண மூடிக்கிட்டு இருக்கிறது?"

"தொட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் அக்கா."

அக்கா கண்ணைத் திறந்தார். என் கையையும் தன் காலையும் மாறி மாறிப் பார்த்தார். தன் விரலை நான் பிடித்திருக்கிறேன் என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியாது.

நான் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். தேத்தண்ணியாவது ஊற்றிக் கொடுத்திருக்கலாம். விஞ்ஞான டீச்சர் இல்லையா... பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். உடம்பில் சீனி கூடினால் நரம்பு கெடும், தூரத்தில் இருக்கிற கால் விரல் நரம்புதான் முதலில் கெடும், நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

அக்கா மெதுவாக எழுந்தார்.

"அப்ப... எம்மேல எரங்குனது ஆத்தா இல்ல. சீனி வியாதி. அதான சொல்றீங்க?"

"அப்பிடி இல்லக்கா..."

"படிச்சவங்க நீங்க. சொன்னா சரியாத்தான் இருக்கும்."

போஞ்சிப் பையை வைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. கோவிலையே நான் பழித்துப் பேசியதாகத் தோட்டமெல்லாம் செய்தி. பஸ்ஸுக்கு நிற்கும்போது முகம் தெரிந்த பெண்கள்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அந்த ஒன்பது நாளும் எனக்கு ஒரே யோசனை. என்னையே கொஞ்சம் திட்டிக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

நான் கதை எழுதுகிறவள் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எத்தனை கதையில் எழுதியிருக்கிறேன் தெரியுமா, 'அவளுக்கு வலி தெரியவில்லை' என்று? கொழுந்துக் கூடையோடு மழையில் நடப்பவளுக்கு வலி தெரியாது. பிள்ளைக்காக உழைப்பவளுக்கு வலி தெரியாது. எழுதிவிட்டு, ஆகா, என்ன வாக்கியம் என்று நானே ரசித்திருக்கிறேன். வலி தெரியாமல் இருப்பது கதையில் வீரம். கோவிலில் அருள். ஆஸ்பத்திரியில்? அங்கே அது அபாயம். ஒரே கால், ஒரே விரல்... பார்க்கிற இடத்தைப் பொறுத்து எவ்வளவு வித்தியாசம்!

கதையில் துன்பம் அழகாக இருக்கும். காலில் அது நாறும். பத்தாம் நாள் காலை பஸ் தரிப்பிடத்தில் அக்காவைப் பார்த்தபோது அது உறைத்தது. ரப்பர் செருப்புக்குள் காலுறை மாட்டியிருந்தார். காலுறை நுனி ஈரம். நொண்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. வலித்தால்தானே நொண்டுவதற்கு?

அன்று பின்னேரமே கோவிலுக்குப் போனேன். சாமி கும்பிட அல்ல, வேலு பூசாரியிடம் சண்டை போட. நீங்க சொன்னாத்தான் அக்கா கேப்பாங்க, ஒரு உசுரு விஷயம் இது, என்று பேச வேண்டியதையெல்லாம் வழியிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன்.

பூசாரி விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். அறுபது வயது, ஒல்லியான மனிதர். நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். வெளியே ஒரு தரம் எட்டிப் பார்த்தார். பிறகு இடுப்பில் செருகியிருந்த விபூதிப் பையை அவிழ்த்து, உள்ளேயிருந்து ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

மாத்திரை அட்டை. சீனிக்குப் போடுகிற மாத்திரை.

"ஏழெட்டு வருஷமாப் போடுறேன் டீச்சர். எம் பொஞ்சாதிக்கு மட்டுந்தான் தெரியும்." குரல் இறங்கியது. "பூசாரிக்கே சீனின்னா ஜனங்க என்ன நெனைக்கும்? ஆத்தா தன் பூசாரியவே காப்பாத்தலையேன்னு கேக்க மாட்டாங்களா?"

மனிதர் இத்தனை வருஷமாக இதைச் சுமந்துகொண்டா எங்களுக்கெல்லாம் திருநீறு பூசினார்? பூசாரி என் கையிலிருந்த அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு அம்மனைக் கும்பிட்டார். பிறகு விளக்கைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க போவோம்" என்றார்.

வேலை விட்டு வந்த பெண்கள் எல்லோரும் பீலியில்தான் இருந்தார்கள். மலைத் தண்ணீர் குழாயில் விழுகிற இடம். லயத்துக் குளியலும் துவையலும் ஊர்க்கதையும் அங்கேதான். லெச்சுமி அக்காவும் துணி அலசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பூசாரி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டார். "லெச்சுமி, இங்க பாரு. இது என்ன தெரியுதா?"

"மாத்திரைங்க சாமி."

"யாருக்கு?"

"எனக்கென்ன தெரியும்?"

"எனக்கு. சீனி மாத்திரை. காலையில ஒண்ணு, ராவைக்கு ஒண்ணு. மாத்திரையும் போடுறேன், பூசையும் பண்றேன். ஆத்தா என்னைக் கைவிட்டுட்டாளா? கைவிட்டிருந்தா ஏழெட்டு வருஷம் அவ முன்னால மணியாட்ட விட்டிருப்பாளா? சொல்லு!"

ஏழெட்டு வருஷ ரகசியத்தைப் பீலிக்கரையில் போட்டு உடைப்பது என்ன லேசான காரியமா?

லெச்சுமி அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று இடுப்பில் கை வைத்தார்.

"அட, அதானா சங்கதி! சக்கரப் பொங்கல எல்லாத்துக்கும் அள்ளிக் குடுத்துட்டு நீங்க மட்டும் கையத் தொடச்சுக்கிட்டுப் போவீங்களே... நான் ஏதோ பெரிய விரதம்னுல்ல நெனச்சேன்!"

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் பீலியே சிரித்தது. பூசாரியும் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அக்காவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிங்கள நர்ஸ் ஒருவர் காலுறையைக் கழற்றிப் பார்த்துவிட்டு முகத்தை மாற்றிக்கொள்ளாமல், "அம்மே, பய வென்ன எப்பா" என்று தோளைத் தட்டினார். பயப்படாதே என்று சொன்னால்தான் பயம் வரும், இல்லையா? அக்கா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. என்னிடம் படித்த பிள்ளைகள் வயதுதான் இருக்கும்.

"எத்தினை நாளா அம்மா இந்தப் புண்? நோகுதோ?"

அக்கா என் காதில் கிசுகிசுத்தார். "டீச்சர், டாக்டரம்மா பாட்டுப் பாடுற மாதிரியே பேசுறாங்க."

டாக்டருக்கும் அது கேட்டுவிட்டது. சிரித்துக்கொண்டே காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். சீனி எக்கச்சக்கம். புண் உள்ளே இறங்கியிருந்தது. எலும்பைத் தொட்டதா இல்லையா என்பது படம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். தொட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டி வரும். விட்டால் பாதமே போகலாம். மறைக்காமல் சொன்னார்.

"நெருப்பு சுடேல்லை எண்டில்லை அம்மா. சுட்டது. உங்களுக்குத்தான் தெரியேல்லை. நோவு எண்டிறது உடம்புக்குக் காவல்காரன் மாதிரி. அவன் நித்திரையாப் போனா, வீட்டுக்குள்ள கள்ளன் வந்தாலும் தெரியாது."

படம் வருகிற வரைக்கும் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். அக்கா வேப்பிலையைப் போல ஆடிக்கொண்டிருந்தார். நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? விஞ்ஞான டீச்சர் மனசுக்குள் மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். வேறு யாரைக் கூப்பிடுவதாம்?

எலும்பைத் தொடவில்லை. மயிரிழை.

இரண்டரைக் கிழமை, பதினேழு பதினெட்டு நாள், வார்டில் இருந்தார். தினமும் மருந்து கட்டினார்கள். விரல் தப்பியது. நரம்பு பழையபடி திரும்பாது, இனி காலைக் கண்ணால்தான் காவல் காக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிக்கொடுத்தார். தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும், செருப்பில்லாமல் ஒரு அடி வைக்கக் கூடாது. பிளேன்டீக்கு மூன்று கரண்டி சீனி போடுகிறவர், முதல் நாள் சீனியில்லாமல் குடித்துவிட்டு, "இத எதுக்கு டீச்சர் இத்தன வருஷமாப் பறிக்கிறோம்?" என்றார்.

ஒரு நாள் வார்டில் நான் தயங்கித் தயங்கி மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்குச் சொன்ன விதம் தப்பு என்றேன்.

"விடுங்க டீச்சர். நானும் படுத்துக்கிட்டு யோசிச்சேன். நெருப்புல எறங்கலைன்னா சுடலைன்னு எனக்குத் தெரிஞ்சிருக்காது. தெரியலைன்னா ஒங்ககிட்டச் சொல்ல ஓடி வந்திருக்க மாட்டேன். வரலைன்னா நீங்க தொட்டுப் பாத்திருக்க மாட்டீங்க. அப்ப என்னைய ஆஸ்பத்திரிக்கு அனுப்புனது யாரு?"

இருபத்தொரு வருஷமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இப்போது அக்கா மகள் அனுப்பிய வெள்ளைக் கன்வஸ் சப்பாத்தோடு மலைக்குப் போகிறார். முதல் நாள் கங்காணி, "என்ன லெச்சுமி, கிரிக்கெட் மேச்சா?" என்று கேட்டாராம். "ஆமாங்க, ஒங்க விக்கெட்டத்தான் எடுக்க வந்தேன்" என்று இவர் சொன்னாராம். அன்றோடு கேலி நின்றது.

போன ஞாயிற்றுக்கிழமை வேலு பூசாரி, இந்த வருஷம் குழி இறங்கிய எல்லோரையும் கோவில் மண்டபத்துக்குக் கூப்பிட்டார். தோட்டத்து மருத்துவமாது சீனி பார்க்கிற கருவியோடு வந்திருந்தார். விரல் தொட்டுப் பார்க்கிற வேலை? லெச்சுமி அக்காதான். கூச்சப்பட்டு நின்ற ஆம்பிளைகளையெல்லாம் அதட்டி உட்கார வைத்தார். இரண்டு பேர் கண்ணை மூடிக்கொண்டு "தொடுங்க, தொடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இருவரும் மறுநாளே ஆஸ்பத்திரியில். இருவருக்கும் காலில் இன்னும் புண் இல்லை. நேரத்தோடு பிடித்துவிட்டார்கள்.

எல்லாம் முடிந்து மண்டபத்தைக் கூட்டும்போது மெதுவாகக் கேட்டேன். "அடுத்த வருஷம் என்ன செய்வீங்க அக்கா? நேர்த்திக்கடன்?"

"டாக்டரம்மா குழியில எறங்கவே கூடாதுன்னுட்டாங்க. அதான் ஆத்தாகிட்டயே போய்க் கேட்டேன். நெருப்புக்குப் பதிலா மாவெளக்கு எடுக்கிறேன், சம்மதமான்னு."

"ஆத்தா என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அக்கா சிரித்தார். "வேணாம்னா சொல்லியிருப்பாள்ல?"

தெய்வத்தோடு இப்படிப் பேசித் தீர்த்துக்கொள்ளத் தெரிந்தவருக்குப் பாதி பாரம் தானாக இறங்கிவிடுகிறது. மீதிப் பாதிக்குத்தான் மாத்திரை இருக்கிறதே!