ஒப்பீட்டுக்கு ஓர் ஊர்

செவ்வாய்க்கிழமை காலை ஏழே முக்காலுக்கு விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கியபோதே முதுகு வலித்தது. இது மூன்றாவது ஆண்டு. வயல்வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளுக்காக ஒரு தொண்டு நிறுவனம் பனமலைப் பக்கம் பகல்நேரக் காப்பகம் நடத்துகிறது. அதனால் பயன் உண்டா என்று பார்த்து எழுதுவது என் வேலை. அதற்குக் கொடுத்த பணம் வரும் ஜூனோடு முடிகிறது. பதினைந்து ரூபாய்க்கு ஒரு டீ குடித்துவிட்டு அனந்தபுரம் டவுன் பஸ்ஸில் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் உட்கார இடமும் கிடைக்கவில்லை.

பத்து மணிக்குக் காப்பகம் போய்ச் சேர்ந்தேன். ஏரியில் தண்ணீர் இருந்தது. குன்றின்மேல் இருக்கும் பல்லவர் கோயிலை மூன்று ஆண்டுகளாகக் கீழிருந்தே பார்த்துவிட்டுத் திரும்புகிறேன். இந்த முறையும் ஏறத் தெம்பில்லை.

கேப்பைக் கூழ் குடித்துவிட்டுக் குழந்தைகள் பாயில் உருண்டுகொண்டிருந்தார்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் வேலையிலிருந்து பால் கொடுக்க ஓடிவந்த கஸ்தூரி, தன் மூத்த மகள் இப்போது நாள் தவறாமல் பள்ளிக்குப் போவதாகச் சொன்னாள். முன்பெல்லாம் தம்பியைப் பார்த்துக்கொள்ள அந்தப் பெண்தான் வீட்டில் நின்றுவிடுவாளாம். காப்பகத்தைக் கவனித்துக்கொள்ளும் வளர்மதி வாசல்வரை வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“ஜூனுக்கு அப்புறம் இது நடக்குமா மேடம்?”

எழுதுவது மட்டும்தான் நான், முடிவு செய்வது வேறு ஆட்கள் என்றேன். எத்தனையோ ஊர்களில் சொன்ன பதில், அதுவாகவே வாயில் வந்தது.

புதன்கிழமை காலை ஒன்பதரைக்குக் கூட்டேரிப்பட்டில் இறங்கி, இருபது ரூபாய்க்கு ஷேர் ஆட்டோ பிடித்து உள்ளே இருக்கும் ஒரு சிற்றூருக்குப் போனேன். எந்த ஸ்கீம் என்று ஓட்டுநர் விசாரித்தார். இந்த ஊருக்கு ஒரு ஸ்கீமும் இல்லை என்றேன். “அப்புறம் எதுக்குங்க சும்மா வந்துக்கினு போய்க்கினு இருக்கீங்க?” என்றார்.

திட்டம் போகாத ஓர் ஊரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் திட்டத்தால் என்ன மாறியது என்று தெரியும். எங்கள் தொழிலின் முறை அது. ஒன்றுமே கொடுக்காத ஊருக்கு ஆண்டுதோறும் போய், வேலைக்குப் போகும்போது பிள்ளையை யாரிடம் விட்டுப் போகிறீர்கள் என்று கேட்பேன். முதல் இரண்டு ஆண்டும் வரப்போரத் தூளி, பள்ளிக்குப் போகாத அக்கா என்றே பதில் வந்தது.

இந்த முறை தெரு அமைதியாக இருந்தது. சிறிய தேவாலயத்தை ஒட்டிய அறையில் ஊர்க் குழந்தைகள் அத்தனை பேரும் இருந்தார்கள். நடுவில் ஸ்டெல்லா, போன ஆண்டு என் கேள்விகளுக்குச் சரியாக முகம் கொடுக்காதவள், ஒரு குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாள். யார் ஏற்பாடு என்று கேட்டேன்.

“நீங்கதான் வருசா வருசம் வந்து, புள்ளைய யார்கிட்ட உட்டுட்டுப் போறீங்கன்னு கேக்கறீங்க. கேட்டுக் கேட்டு எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு. அதான் ஆளுக்கு ஒரு நாளு பாத்துக்கினு கெடக்கறோம்,” என்றாள்.

வெளியே வேப்பமரத்தடியில் நின்று சென்னையிலிருக்கும் எங்கள் இயக்குநருக்குப் போன் செய்தேன். கண்டதைச் சொன்னேன். இரண்டு ஊருக்கும் வித்தியாசம் இல்லை என்று அறிக்கை போனால், காப்பகமே தேவையில்லை என்று பணம் கொடுப்பவர்கள் நிறுத்திவிடுவார்கள் என்றார். இந்த ஊரை விட்டுவிட்டு வேறு ஊர் பார்க்கச் சொன்னார். கெட்ட மனிதர் அல்ல. என்னைப் போலவே களைத்தவர். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இங்கே கண்டதை எழுதினால் வளர்மதியின் காப்பகம் போகும். எழுதாவிட்டால் இந்தப் பெண்கள் செய்தது நடக்காததாகிவிடும். திரும்ப உள்ளே போய், நடந்ததை ஒளிக்காமல் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“இங்க குந்திக்கினு இருக்கறவளுக்கு அன்னிக்கிக் கூலி இல்லீங்க. வேற வழி இல்லாமத்தான் பண்றோம். நாங்களே பாத்துக்கறோம், அதனால வேணாம்னு மட்டும் எழுதிடாதீங்க. அந்த ஊருக்கும் வேணும், எங்களுக்கும் வேணும்.”

மாலை நான்கு மணிக்குத் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் சென்னைப் பேருந்துக்காக நின்றேன். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தேன். அந்த ஆள் வராத நாட்களில் விடுப்பு எடுத்தேனே தவிர, அடுக்ககத்தில் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. இயக்குநருக்குப் போன் செய்து, எந்த ஊரையும் விடப்போவதில்லை, ஸ்டெல்லா சொன்னதை முதல் பக்கத்திலேயே எழுதுவேன் என்றேன். உங்கள் இஷ்டம் என்றார்.

ஜூன் வந்தது. பனமலைக் காப்பகத்துக்கு இன்னும் ஓராண்டு கொடுத்தார்கள். கூட்டேரிப்பட்டுப் பக்கத்துச் சிற்றூரைப் பற்றிப் பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நானே சொல்லிவிடலாம் என்று ஸ்டெல்லாவைப் போனில் கூப்பிட்டேன். முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

“சரிங்க,” என்றாள் மெதுவாக. “இன்னிக்கி என் மொறை. இப்பதான் எல்லாம் தூங்குதுங்க. வெச்சிடறேன்.”